ராணி உத்தரவு போடுவதில்லை என்றால், எறும்புக் கூட்டத்தை நடத்துவது யார்?

கேட்டவர் இரண்டு வரியில் நாலு கேள்வி கேட்டிருக்கிறார்: எறும்புக் கூட்டத்தில் ராணி மட்டும் ஏன் முட்டையிடுகிறது? மற்ற எறும்புகளால் முடியாதா, அல்லது விடமாட்டார்களா? யாருக்கு என்ன வேலை என்று ராணிதான் பிரித்துக் கொடுக்கிறதா? ராணி செத்துப்போனால் என்ன ஆகும்? நாலாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: அங்கே முடிவெடுப்பது யார்? நான் பூச்சியியல் படித்தவன். பதினைந்து வருடங்களாகக் கண்ணாடிக் கூடுகளில் எறும்பு வளர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் அதிகம் கையாண்டது கட்டெறும்பு வகைகளைத்தான். மற்ற இனங்களைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் ஆய்வுகளில் படித்தது. பெயர் சூட்டப்பட்ட எறும்பு இனங்கள் மட்டுமே 14,000-க்கு மேல் இருப்பதால் நான் சொல்லும் எந்த விதிக்கும் எங்காவது ஒரு விலக்கு இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ‘ராணி’ என்ற பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். குழப்பமே அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. கண்ணாடிக் கூட்டின் மேல்மூடியை எடுத்தால் ராணி என்ன செய்யும் தெரியுமா? வெளிச்சம் பட்டதும் இருட்டு மூலையைத் தேடி ஓடும். தயங்கி நின்றால் நாலைந்து வேலைக்கார எறும்புகள் காலையும் தாடையையும் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போகும். எப்போது சாப்பிடுவது, எங்கே இருப்பது என்பதைக்கூடச் சுற்றியிருப்பவைதான் தீர்மானிக்கின்றன. ஆட்சி செய்கிற அரசி என்பதைவிட, மொத்தக் கூட்டத்துக்குமான சூலகம், அதாவது முட்டை உண்டாகும் உறுப்பு, என்று சொன்னால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

ஆனால் அந்த ராணியும் ஒரு காலத்தில் எல்லா வேலையையும் தனியாகச் செய்தவள்தான். முதிர்ந்த கூட்டம் ஆண்டில் ஒரு பருவத்தில் இறக்கை முளைத்த பெண்களையும் ஆண்களையும் உண்டாக்கும். பல இனங்களில் மழை பெய்து ஓய்ந்த, காற்றில்லாத ஒரு நாளில் அக்கம்பக்கத்துப் புற்றுகள் எல்லாம் ஒன்றாக அவற்றை வெளியே அனுப்பும். கூடல் பெரும்பாலும் அந்தப் பறத்தலின்போதே முடிந்துவிடும். (இதைப் பலர் ஈசல் என்று நினைக்கிறார்கள். ஈசல் கறையானுடையது. ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு கிடையாது. இறக்கை எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும்.) ஆண் எறும்பு அதோடு சரி, சில மணி நேரத்திலோ சில நாளிலோ செத்துவிடும். பெண் தரையிறங்கித் தன் இறக்கையைத் தானே முறித்துப் போட்டுவிட்டு மண்ணுக்குள் போகும். அந்த ஒரு நாளில் வாங்கிய விந்தை வயிற்றில் ஒரு சிறு பையில் உயிரோடு வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் செலவழிக்கும். லேசியஸ் நைகர் என்ற கறுப்பு எறும்பின் ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. மகள்களுக்கு ஓரிரு ஆண்டுதான்.

இந்தத் தொடக்க நாட்களைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் ஒரு சோதனைக்குழாய் போதும். அடியில் தண்ணீர், அதற்கு மேல் அழுத்தி அடைத்த பஞ்சு, அப்புறம் ராணி, வாய்ப்பக்கம் இன்னொரு பஞ்சு. அவ்வளவுதான் வீடு. நான் வைத்த ஒரு கட்டெறும்பு ராணி மூன்றாம் நாள் முதல் முட்டையை இட்டாள். இரண்டு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆயின. அவற்றைக் கீழே கிடக்க விடவே மாட்டாள். ஒரு சிறு குவியலாக வாயில் கவ்விக்கொண்டே திரிவாள், ஓயாமல் நக்குவாள். நக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். நான் உணவு எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கத் தேவையும் இல்லை. பறக்க இனி வேலையில்லாத இறக்கைத் தசைகளைக் கரைத்து, அதில் ஊறுவதைப் புழுக்களுக்கு ஊட்டித்தான் வளர்ப்பாள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் முதல் கூட்டுப்புழு பிரிந்தது. உறையைத் தாயே தாடையால் கிழித்து, வெளிறிப்போய் நடுங்கிக்கொண்டிருந்த மகளை வெளியே இழுத்தாள். முதல் தலைமுறை மகள்கள் எப்போதும் சோகையாக, சின்னதாக இருக்கும். சேமிப்பில் அவ்வளவுதான் இருந்தது. அவை வெளியே போய் முதல் துளி உணவைக் கொண்டுவந்த பிறகு ராணி வேறு எந்த வேலையையும் தொடவில்லை. ராணிக்கு வேலை செய்யத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சோதனைக்குழாய்தான் ஞாபகம் வரும்.

இனி முட்டை விஷயம். எறும்பில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். அதாவது ஆண் எறும்புக்கு அப்பா கிடையாது. அம்மாவின் அப்பா, அதாவது தாத்தா, மட்டும் உண்டு. முட்டை வெளியேறும்போது விந்துப்பையைத் திறப்பதா வேண்டாமா என்பதில் ராணிக்கு ஒரு பிடி இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில்தான் அவளுக்கு அதிகாரம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு அந்தப் பெண் முட்டை அடுத்த ராணியாவதா, வேலைக்காரியாவதா என்பது பெரும்பாலான இனங்களில் வளர்ப்பைப் பொறுத்தது. புழுவாக இருக்கும்போது கிடைக்கும் உணவின் அளவும் தரமும், வெப்பம், கூட்டில் ஏற்கெனவே ஒரு ராணி இருப்பது, உடலில் ஓடும் இளமை ஹார்மோனின் அளவு எல்லாம் சேர்ந்து பாதையைத் திருப்பிவிடுகின்றன. ஊட்டுவது செவிலி எறும்புகள். ஆகவே அடுத்த ராணியை உண்டாக்குவதில் அவற்றின் கை ஓங்கியிருக்கிறது.

விலக்கு சொல்லாமல் நகர முடியாது. சில அறுவடை எறும்புகளில் ராணியா வேலைக்காரியா என்பதை அப்பா எந்த வம்சம் என்பதே முடிவு செய்கிறது. ஊசெரேயா பைரோய் என்ற எறும்பில் ராணியே இல்லை. எல்லாப் பெண்களும் ஆண் துணையில்லாமல் தங்களைப் போலவே மகள்களைப் பெறுகின்றன. 2025-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் விசித்திரம்: மெஸ்ஸர் ஐபெரிகஸ் என்ற இனத்தின் ராணி, தன் இனத்து ஆண்களோடு மெஸ்ஸர் ஸ்ட்ரக்டர் என்ற வேறோர் இனத்தின் ஆண்களையும் பெறுகிறது. தன் வேலைக்காரிகளை உண்டாக்க அந்த இனத்தின் விந்து அதற்குத் தேவைப்படுகிறது.

சரி, வேலைக்காரிகளால் முட்டையிட முடியுமா? இனத்துக்கு இனம் பதில் மாறும். ஃபெய்டோலே, சொலெனோப்சிஸ், மொனோமோரியம் போன்ற பேரினங்களில் வேலைக்காரிகளுக்குச் சூலகமே கிடையாது. அங்கே முடியாது என்பதே பதில். கட்டெறும்பு போன்ற பலவற்றில் சூலகம் உண்டு, ஆணோடு கூடுவது இல்லை. அதனால் கருவுறாத முட்டையிட்டு ஆண்களைப் பெற முடியும். ஆனால் ராணி நலமாக இருக்கும்வரை பெரும்பாலும் இடுவதில்லை. காரணம் வாசனை. ராணியின் உடல்மேல் பூசினாற்போல் ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது. அதிலுள்ள ஒரே ஒரு வேதிப்பொருளைத் தனியாக எடுத்து வைத்தாலே லேசியஸ் நைகர் வேலைக்காரிகளின் சூலக வளர்ச்சி குறைகிறது என்று 2010-இல் காட்டினார்கள். இன்னோர் இனமான கேம்போனோட்டஸ் ஃப்ளோரிடேனஸில் ராணியின் முட்டைமேலும் அந்த முத்திரை இருக்கிறது; முத்திரையில்லாத முட்டையைச் சக வேலைக்காரிகளே கண்டுபிடித்துத் தின்றுவிடுகின்றன. ஆக ‘விடமாட்டார்களா’ என்ற உங்கள் சந்தேகம் சரிதான். ஆனால் விடாதது ராணியல்ல, அக்கா தங்கைகள்.

இதில் எது உறுதி, எது விவாதம் என்று பிரித்துச் சொல்கிறேன். ராணியின் வாசனை இருந்தால் முட்டையிடல் குறைகிறது என்பது உறுதி. அந்த வாசனை மற்றவர்களை மயக்கி அடக்குகிறதா, அல்லது ‘நான் நலமாக இருக்கிறேன், நன்றாக முட்டையிடுகிறேன்’ என்ற செய்தியை மட்டும் சொல்கிறதா என்பதில் நெடுநாள் வாதம் நடந்தது. இன்று இரண்டாவது பக்கம்தான் கனம் அதிகம். நானும் அந்தப் பக்கம். ராணி பலவீனமானால் உடனே வேலைக்காரிகளின் சூலகம் விழித்துக்கொள்வதை அடக்குமுறை என்று வைத்து விளக்குவது கஷ்டம்.

அதைவிடப் பழைய புதிர், இப்படிப் பிள்ளை பெறாத ஒரு வகை எப்படித் தலைமுறை தலைமுறையாகத் தொடர முடியும் என்பது. 1859-லேயே டார்வினைத் தொல்லைப்படுத்திய கேள்வி இது. 1964-இல் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் ஒரு கணக்குப் போட்டார். ஆண் எறும்புக்கு ஒற்றைத் தொகுதி குரோமோசோம்தான் என்பதால் அப்பாவிடமிருந்து எல்லா மகள்களுக்கும் வருவது ஒரே சரக்கு. அதனால் ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த சகோதரிகள் தங்களுக்குள் முக்கால் பங்கு ஒத்திருப்பார்கள். சொந்த மகளோடு ஒத்திருப்பதோ அரைப் பங்கு. அப்படியென்றால் மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம். கேட்க அழகாக இருக்கிறது. பள்ளிப் பாடத்தோடு நின்றவர்கள் இதையே முழு விடையாக நினைத்துவிடுவார்கள். ஆனால் அதே கணக்கில் சகோதரனோடு உறவு கால் பங்காக இறங்கிவிடுகிறது. பல ஆண்களோடு கூடிய ராணியின் மகள்களுக்குள் அந்த முக்கால் நிற்காது. கறையானில் ஆண், பெண் இருபாலுக்கும் இரட்டைத் தொகுதி குரோமோசோம். அங்கேயும் இதே மாதிரி சமூகம் இருக்கிறது. எனவே இரத்த உறவு முக்கியம் என்பது நிலைத்துவிட்டது. அந்த முக்கால் கணக்கு மட்டுமே காரணம் என்பது நிலைக்கவில்லை. எறும்பின் மூதாதையர்களில் ராணி ஒரே ஆணோடு கூடியதுதான் தொடக்கப் புள்ளி என்ற விளக்கத்துக்கு இப்போது ஆதரவு அதிகம்.

ராணி, வேலைக்காரி என்பது பிறவியிலேயே பூட்டிய கதவு என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் எறும்பு ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். பெரிய கண்ணும் இடுக்கி போன்ற நீண்ட தாடையும் கொண்ட தாவும் எறும்பு. இதில் ராணி செத்ததும் வேலைக்காரிகள் நேருக்கு நேர் நின்று உணர்கொம்பால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று, பார்க்க வாள் சண்டைப் பயிற்சி மாதிரி இருக்கும். இந்தப் போட்டி வாரக்கணக்கில் நடக்கும். வென்ற சில எறும்புகள் முட்டையிடத் தொடங்கும். அவற்றின் சூலகம் பெரிதாகும், மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும், ஏழு மாதம் வாழ வேண்டியது நான்கு ஆண்டு வரை வாழும். முட்டையிட இன்சுலின் அதிகம் சுரக்க வேண்டும், ஆனால் அது ஆயுளைக் குறைக்கக்கூடியது. இந்த எறும்பு அந்தச் சமிக்ஞையின் ஒரு கிளையை மட்டும் ஒரு புரதத்தால் அடைத்து, முட்டையையும் ஆயுளையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொள்கிறது. 2021-இல் வந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. அப்படி ராணி ஸ்தானத்துக்குப் போன எறும்புகளைக் கூட்டத்திலிருந்து சில வாரம் தனியாகப் பிரித்து வைத்துத் திரும்ப விட்டார்கள். அவை மறுபடி வேலைக்காரிகளாயின. சூலகம் சுருங்கியது, மூளை பழைய அளவுக்கு வளர்ந்தது.

வேலைப் பிரிவினைக்கு வருகிறேன். உடலே வேலையைத் தீர்மானிக்கும் இனங்கள் உண்டு. இலைவெட்டி எறும்புகளில் மிகப் பெரிய காவல் எறும்பு மிகச் சிறியதைவிட எடையில் நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். சிறியவை பூஞ்சைத் தோட்டத்தைக் களையெடுக்கும், நடுத்தரம் இலை வெட்டும். சில சிறியவை தூக்கிப்போகும் இலையின் மேலேயே ஏறி உட்கார்ந்து வரும். சும்மா சவாரி போவது போலத் தெரியும். தூக்குபவரின் தலையில் முட்டையிட வரும் ஒட்டுண்ணி ஈக்களை விரட்டுவது அவற்றின் வேலை. ஆனால் இதைப் படங்களில் பார்த்துவிட்டு எல்லா எறும்பும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பேரினங்களில் வேலைக்காரிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

அங்கே பொதுவாக வயதே வேலையைப் பிரிக்கிறது. இளசுகள் முட்டை, புழுக்களோடு உள்ளே. நடு வயதினர் சுத்தம், கட்டுமானம். முதியவை இரை தேட வெளியே. கேம்போனோட்டஸ் ஃபெல்லா என்ற எறும்பில் ஒவ்வொன்றின் முதுகிலும் நுண்ணிய அடையாளச் சதுரம் ஒட்டி, கேமராவால் 41 நாள் விடாமல் தொடர்ந்த ஆய்வு 2013-இல் வந்தது. செவிலியர், துப்புரவாளர், இரைதேடிகள் என்று மூன்று குழுக்கள் தெளிவாகப் பிரிந்தன. வயது ஏற ஏற எறும்புகள் அந்த வரிசையில் நகர்ந்தன. ஆனால் வயது ஒரு போக்குதானே தவிர, கடிகாரம் அல்ல. இதை நான் சாயப்புள்ளி வைத்தே பார்த்திருக்கிறேன். வெளியே திரிந்தவற்றுக்கு வயிற்றில் வெள்ளைப் புள்ளி, முட்டைக்குவியலில் இருந்தவற்றுக்கு மஞ்சள். ஒருநாள் வெள்ளைப் புள்ளி எல்லாவற்றையும் எடுத்து வேறு பெட்டியில் போட்டேன். இரண்டு நாள் தேன்துளி தீண்டுவாரில்லாமல் காய்ந்தது. மூன்றாம் நாள் ஒரு மஞ்சள் புள்ளி வாசல் வரை வந்து, உணர்கொம்பை வெளியே நீட்டி, திரும்பி ஓடிப்போனது. அன்று மாலைக்குள் அதே எறும்போ வேறொன்றோ தேனில் வாய் வைத்திருந்தது. யாரும் யாரையும் அனுப்பவில்லை. அவற்றின் வயிறும் புழுக்களின் வயிறும் காய்ந்ததுதான் உத்தரவு.

இதற்கு உயிரியலாளர்கள் சொல்லும் விளக்கம் தாங்கு எல்லை என்பது. இரவில் குழந்தை சிணுங்கினால் வீட்டில் ஒருவர் முதல் சிணுங்கலிலேயே எழுந்துவிடுவார், இன்னொருவர் அலறினால்தான் எழுவார். முதல் ஆள் எழுந்து சமாதானப்படுத்திவிடுவதால் இரண்டாம் ஆளுக்கு அந்த வேலை வருவதே இல்லை. முதல் ஆள் ஊரில் இல்லாதபோது இரண்டாம் ஆளும் எழுந்துதான் ஆக வேண்டும். எறும்புகளிலும் அப்படித்தான்: பசித்த புழு, குப்பை, உடைந்த சுவர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எறும்பின் பொறுமை வேறு. இதோடு சந்திப்புகளின் கணக்கும் சேர்கிறது. அறுவடை எறும்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டெபோரா கார்டன், வாசலில் காத்திருக்கும் எறும்பு, திரும்பி வருபவர்களை எவ்வளவு அடிக்கடி சந்திக்கிறது என்பதை வைத்தே வெளியே கிளம்புகிறது என்று காட்டினார். காலையில் முதலில் வெளியே போய்வரும் ரோந்து எறும்புகளின் மேல்பூச்சு வாசனையைக் கண்ணாடி மணிகளில் தடவி, சரியான இடைவெளியில் வாசலில் போட்டார்கள். எறும்பே வராதபோதும் உள்ளிருந்தவை வேலைக்குக் கிளம்பிவிட்டன. இந்த வழிமுறை இருப்பது உறுதி. வயது, அனுபவம், உடல் கொழுப்பு, மரபு ஆகியவற்றில் எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. அதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

போகிற போக்கில், ‘எறும்பு மாதிரி சுறுசுறுப்பு’ என்பதையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். டெம்னோதொராக்ஸ் என்ற சிறு எறும்புக் கூட்டங்களில் ஏறக்குறைய பாதி எறும்புகள் பெரும்பாலான நேரம் சும்மாவே இருக்கின்றன. மிகச் சுறுசுறுப்பான ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டபோது, சும்மா இருந்தவற்றிலிருந்து ஆள் எழுந்து அந்த இடத்தை நிரப்பியது. சும்மா இருப்பவற்றை எடுத்தபோது அந்த இடம் நிரம்பவில்லை. ஆகவே அவற்றைக் காத்திருப்புப் படை என்று சிலர் சொல்கிறார்கள். அது ஒரு பகுதி விளக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, ராணி செத்தால். பல ராணிகள் உள்ள இனங்களில் பெரிதாக ஒன்றும் ஆகாது. தாவும் எறும்பு போன்றவற்றில் உள்ளிருந்தே வாரிசு வரும். ஒற்றை ராணி உள்ள, வேலைக்காரிகளால் ஆணோடு கூட முடியாத இனங்களில் கதை வேறு. சோதனைக்குழாயில் தொடங்கிய என் அந்த ராணி ஆறாம் ஆண்டு செத்தாள். வாசனை போகும்வரை, நாலைந்து நாள், மகள்கள் உடலை நக்கிக்கொண்டே இருந்தன. அப்புறம் துண்டு துண்டாகக் குப்பை மூலைக்குப் போனது. மிச்சமிருந்த புழுக்களை வழக்கம் போல வளர்த்தன. இரண்டு மாதம் கழித்து, புது முட்டைகள் தெரிந்தன, வேலைக்காரிகள் இட்டவை. வளர்ந்து வந்ததெல்லாம் இறக்கை முளைத்த ஆண்கள். பருவம் வந்ததும் கண்ணாடியில் வெளிச்சம் விழும் பக்கமாகப் போய் மோதிக்கொண்டிருந்தன. நான் மூடியைத் திறந்து விட்டேன். உள்ளே இருந்தவை குப்பையை ஒதுக்கிக்கொண்டும், ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டும் இன்னும் பதினோரு மாதம் இருந்தன.